கம்ப்யூட்டருக்குக் கேட்கும் எர்த், பம்புக்கு வேண்டாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறதே, கம்ப்யூட்டரில் கோளாறா?" பெரும்பாலும் கோளாறு கம்ப்யூட்டரில் இருக்காது, சுவரில் இருக்கும். பிளக் பாயிண்ட்டில் எர்த் இணைப்பு இல்லை என்பதையே அந்த ஷாக் காட்டுகிறது. இதைச் சொன்னதும் உடனே எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுகிறார்கள். ஆனால் அதே வீட்டில் தண்ணீர் பம்புக்கு எலெக்ட்ரானிக் பிரஷர் கண்ட்ரோலர் மாட்டும்போது மட்டும் எர்த்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இது சரியல்ல என்பது என் கருத்து.

கம்ப்யூட்டர் இதழில் பம்பு எதற்கு என்கிறீர்களா? இந்தக் கண்ட்ரோலரும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். உள்ளே ஒரு மைக்ரோ கண்ட்ரோலர் சிப், அழுத்தத்தையும் தண்ணீர் ஓட்டத்தையும் பார்க்கும் சென்சார்கள், பம்பை இயக்கும் ரிலே ஆகியவை இருக்கின்றன. மாடித் தொட்டி ஷவரைவிட 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 0.3 பார்தான். நல்ல ஷவருக்கு இது போதாது. அதனால்தான் பலரும் பிரஷர் பம்பு வைக்கிறார்கள்.

கண்ட்ரோலருக்குள் ஓடும் புரோகிராம் எளிமையானது. குழாயைத் திறந்தால் அழுத்தம் குறையும், உடனே பம்பு ஓடும். குழாயை மூடினால் ஓட்டம் நிற்கும், சில விநாடிகளில் பம்பும் நிற்கும். பம்பு ஓடியும் தண்ணீர் வரவில்லை என்றால், தொட்டி காலி என்று முடிவு செய்து பம்பை நிறுத்திவிட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டும். இந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் தண்ணீர் இல்லாமல் ஓடும் பம்பு சூடாகிக் கெட்டுவிடும்.

சாப்ட்வேர் வாங்கும்போது நம் கம்ப்யூட்டரில் அது ஓடுமா என்று பார்க்கிறோம் அல்லவா? இங்கும் அப்படித்தான். பல மாடல்களில் பம்பு தொடங்கும் அழுத்தம் 1.5 பார் என்று அமைக்கப்பட்டிருக்கும். 1 பார் என்பது சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். ஆகவே கண்ட்ரோலருக்கு மேல் 15 மீட்டரைவிட அதிக உயரத்தில் குழாய் இருந்தால், அதைத் திறந்தாலும் பம்பு ஓடாது. குழாய்க்குள் நிற்கும் தண்ணீரின் எடையே அழுத்தத்தை 1.5 பாருக்குக் குறைய விடாது. அதேபோல பம்பு தரக்கூடிய உச்ச அழுத்தம், தொடங்கும் அழுத்தத்தைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருக்க வேண்டும். பெட்டியில் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைக் காட்டும். பம்புக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவில் எந்தக் குழாயையும் பிரிக்கக் கூடாது. ஒரு குழாய் சொட்டினாலும் பம்பு சும்மா சும்மா ஓடி நிற்கும். அப்போது குழாயைத்தான் சரிசெய்ய வேண்டும், கண்ட்ரோலரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனி ஒயரிங். கண்ட்ரோலரில் இரண்டு இணைப்புகள் உண்டு. ஒன்று வீட்டு மின்சாரம் உள்ளே வருவதற்கு, மற்றது பம்புக்குப் போவதற்கு. மாற்றிக் கொடுத்தால் வேலை செய்யாது, பழுதாகவும் கூடும். மூடியின் உட்புறமோ கையேட்டிலோ படம் இருக்கும். அதைப் பார்க்காமல் ஸ்குரூ டிரைவரை எடுக்க விடாதீர்கள். கண்ட்ரோலர் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதையும், பம்பின் பெயர்த்தகட்டில் உள்ள ஆம்பியரையும் ஒப்பிடுங்கள். பம்பு கிளம்பும்போது ஓடும்போதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பம்பு பெரிதாக இருந்தால் நடுவில் ஒரு கான்டாக்டர் வைப்பதே முறை.

கம்ப்யூட்டர் இருக்கும் லைனிலிருந்து பம்புக்கு இழுக்காதீர்கள். மெயின் போர்டிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி. வேண்டும். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் பம்பைச் செருகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வீடுகளில் வைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தரும். 1 எச்.பி. என்பதோ 746 வாட். கணக்கே உதைக்கிறது.

இப்போது எர்த்துக்கு வருவோம். கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் உள்ள வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் வழியாகச் சிறிதளவு கரண்ட் கேபினட்டுக்கு வருவது இயல்பு. எர்த் இருந்தால் அது தரைக்குப் போய்விடும், இல்லாவிட்டால் நம் விரலுக்கு வரும். அந்தக் கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்று ஷாக் அடிப்பதோடு சரி. பம்பில் அப்படியில்லை. காயில் இன்சுலேஷன் போய்விட்டால் 230 வோல்ட் நேராகப் பம்பின் உடலுக்கும் அதிலுள்ள தண்ணீருக்கும் வரும். மறுமுனையில் ஈரத் தரையில் நின்று ஷவரைத் திறப்பது உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். ஆகவே கேபினட்டில் ஷாக் அடிக்கும் வீட்டில், எர்த்தைச் சரிசெய்யாமல் பிரஷர் பம்பு மாட்டவே கூடாது என்பேன்.

சிலர் குறுக்கு வழியாகப் பிளக் பாயிண்ட்டில் நியூட்ரலையே எர்த் முனையில் இணைத்துவிடுவார்கள். எங்காவது நியூட்ரல் ஒயர் அறுந்தால் பம்பின் உடல் முழுவதும் கரண்ட் வரும். தண்ணீர்க் குழாயை எர்த்தாக நம்புவதும் தவறு. பி.வி.சி. குழாய் மின்சாரத்தைக் கடத்தாது. முறையான எர்த்துடன் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் அவசியம். கசிவு ஏற்பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்துவது அதுதான். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். ‘டப்’பென்று விழ வேண்டும்.

குழாய் வேலை செய்பவரே ஒயரையும் முறுக்கிவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். குழாய் வேலையை அவர் செய்யட்டும், ஒயரிங்கை லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீசியன் செய்யட்டும். இதற்கு ஆகும் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். கண்ட்ரோலர் விற்கும் நிறுவனங்களும் ஒயரிங் படத்தைத் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். நுணுக்கி அச்சிட்ட ஆங்கிலக் கையேடு, வேலை செய்பவருக்கு உதவாது.

கடைசியாக ஒன்று. சிவப்பு விளக்கு எரிகிறது என்று கண்ட்ரோலரைக் கழற்றிவிட்டுப் பம்பை நேரடியாக இணைப்பது, வைரஸ் எச்சரிக்கை வருகிறது என்று ஆன்ட்டி வைரஸையே நீக்குவது போன்றது. முதலில் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ரீசெட் பட்டனை அழுத்துங்கள். அப்படியும் ஓடவில்லை என்றால் மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீசியனுக்குப் போன் செய்யுங்கள்.