தேர்வுக்கு முன்னரே நிகழும் தேர்வு

சிங்கப்பூரின் தேசியக் காற்பந்து அணியின் பெயர்ப்பட்டியல் வெளியாகும் நாட்களில் செம்பவாங் காப்பிக் கடைகளில் மூளும் விவாதங்களைச் சற்று நேரம் நின்று கேட்பவர் எவரும், பதினொரு பேரைப் பொறுக்கியெடுப்பது பயிற்றுவிப்பாளர் ஒருவருடைய சித்தத்தை மட்டுமே பொறுத்த காரியம் என்றும், அவர் மனம் வைத்திருந்தால் இன்னாரைச் சேர்த்திருக்கலாம், இன்னாரை உட்காரவைத்திருக்கலாம் என்றும் எண்ணிக்கொண்டு வீடு திரும்புவார். அந்த விவாதங்களில் பயிற்றுவிப்பாளர்மீது சுமத்தப்படும் பழியும் சொரியப்படும் புகழும் உரிய அளவுக்கு மிஞ்சியவை என்பது என் அபிப்பிராயம். தேசிய அணியின் தேர்வு, பட்டியல் எழுதப்படும் அறையில் நடைபெறுவதில்லை. அதற்கு ஓராண்டுக்கும் ஈராண்டுக்கும் முன்பே, கழகங்கள் ஆட்டக்காரர்களை எடுப்பதும் விடுப்பதுமாக இருக்கும் இடமாற்றக் காலத்திலேயே, அதன் பெரும்பகுதி நிர்ணயமாகிவிடுகிறது.

எப்படியெனில், ஓர் அணிக்கு முதுகெலும்பாக அமைவன சில ஸ்தானங்கள்தாம். பின்னணியின் நடுவில் நிற்கும் தற்காப்பாளர், ஆட்டத்தின் கதியைத் தீர்மானிக்கும் நடுத்திடல் ஆட்டக்காரர், முன்னணியில் கோலை நோக்கி நிற்கும் தாக்குதல் ஆட்டக்காரர் ஆகிய இந்த மூவரும் சரியாக வாய்த்துவிட்டால், மற்றவர்களைக் கொண்டு சமாளித்துவிடலாம். இதை நாம் அறிவதுபோலவே கழக நிர்வாகிகளும் அறிவார்கள். ஆகையால் அயல்நாட்டிலிருந்து ஆள் எடுக்கக் கையில் பணமும் விதியில் இடமும் இருக்கும்போது அவர்கள் முதலில் நிரப்புவது இந்த ஸ்தானங்களையே. பணம் கொடுத்து ஆள் எடுப்பவர் கோல் போடுபவரை எடுப்பாரே தவிர, பக்கவாட்டில் ஓடுபவரைத் தேடிப் போகமாட்டார். அதில் குற்றம் காண நான் துணியமாட்டேன். ஆனால் அதன் விளைவாக, உள்ளூர் இளைஞன் ஒருவன் பக்கவாட்டுத் தற்காப்பாளனாகவோ சிறகு ஆட்டக்காரனாகவோ மாறிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாற மறுப்பவன் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சியில் பருவத்தைக் கழிக்கிறான். தேசியப் பயிற்றுவிப்பாளர் கையில் பேனாவை எடுக்கும்போது, அந்த மைய ஸ்தானங்களுக்கு எதிரே எழுதுவதற்கு அவரிடம் இரண்டு பெயர்கள்கூட இருப்பதில்லை.

சென்ற 2025ஆம் ஆண்டின் மகத்தான வெற்றியே இதற்குச் சாட்சி. இடைக்காலப் பயிற்றுவிப்பாளராகப் பொறுப்பேற்ற கேவின் லீ, ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் இந்தியாவை முதலில் நம் தேசிய விளையாட்டரங்கிலும், பின்னர் கோவாவிலும் சந்தித்தார். தமிழ்க் குடும்பங்களில் அந்த இரண்டு ஆட்டங்களும் எழுப்பிய உணர்ச்சி தனியானது. தாத்தா பிறந்த தேசத்துக்கும் பேரன் பிறந்த தேசத்துக்கும் இடையே நடக்கும் ஆட்டத்தை ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் வீடுகள் செம்பவாங்கில் அநேகம். அக்டோபர் 9ஆம் தேதி இங்கே நம்மவர்கள் முன்னிலையில் இருந்தும், கடைசி நிமிடத்தில் ரஹீம் அலி அடித்த கோலால் ஆட்டம் 1-1 என்று முடிந்தது. பத்துப் பேராகக் குறைந்துவிட்ட இந்திய அணிக்கு எதிராக வெற்றி நழுவிய அந்த இரவில் எழுந்த ஆத்திரத்தை, ஐந்து நாட்கள் கழித்து கோவாவில் சோங் உய்-யோங் அடித்த இரண்டு கோல்கள் ஆற்றிவிட்டன. நவம்பர் 18ஆம் தேதி ஹாங்காங்கில், முதலில் ஒரு கோல் வாங்கிப் பின்தங்கியிருந்து, இரண்டாம் பாதியில் ஷவால் அனுவாரும் இல்ஹான் ஃபாண்டியும் கோல் போட, 2-1 என்ற கணக்கில் ஜெயித்தோம். 1984இல் போட்டியை ஏற்று நடத்திய நாடு என்ற முறையில் கிடைத்த வாய்ப்பைத் தவிர்த்துப் பார்த்தால், ஆசியக் கிண்ண இறுதிச் சுற்றுக்குச் சிங்கப்பூர் சொந்த சாமர்த்தியத்தால் தகுதி பெற்றது இதுவே முதல் தடவை.

அந்த கோல்களை அடித்தவர்கள் எங்கே வளர்ந்தார்கள் என்று பாருங்கள். இந்தியாவுக்கு எதிராக இங்கே கோல் போட்ட இக்சான் ஃபாண்டி, நார்வேயில் ஆடிப் பிறகு தாய்லாந்தின் பிஜி பத்தும் கழகத்துக்குப் போனவர். தம்பி இல்ஹான் பெல்ஜியத்தில் பயின்று தாய்லாந்தின் புரிராம் கழகத்தில் சேர்ந்தவர். நம் தேசிய அணியின் முன்னணி ஆட்டக்காரர்களுக்கு வாராவாரம் ஆடும் இடம் கொடுத்தவர்கள் அயலார். தகப்பனார் ஃபாண்டி அகமது 1983இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் கழகத்துக்காக இண்டர் மிலானுக்கு எதிரே கோல் போட்ட பெருமையை நாம் இன்றும் பேசுகிறோம். அந்தப் பிள்ளைகளுக்கு வழிகாட்ட அப்படி ஒரு தகப்பனார் இருந்தார். அத்தகைய பின்புலம் இல்லாத பிள்ளைக்கு உள்ளூர் லீக்கைத் தவிர வேறு கதி ஏது?

இப்படிச் சொல்வதால் அயல்நாட்டு ஆட்டக்காரர்களே கூடாது என்ற கட்சியைச் சேர்ந்தவன் என்று என்னைக் கருதவேண்டாம். கோவாவில் நம்மைக் காப்பாற்றிய சோங், தென்கொரியாவிலிருந்து பதின்ம வயதில் ஹோம் யுனைடெட் கழகத்துக்கு வந்து, இங்கேயே ஆளாகி, 2021இல் குடியுரிமை பெற்றவர். அதற்கு முன்னர் போஸ்னியாவில் பிறந்த அலெக்சாண்டர் டுரிச், முப்பத்தேழு வயதில் முதன்முறையாக நம் தேசியச் சட்டையை அணிந்து, அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் கோல் போட்டுக்கொண்டிருந்தார். வந்த ஊரைத் தன் ஊராக வரித்துக்கொள்பவனை வரவேற்பதற்கு இந்தத் தீவில் எவருக்கும் தயக்கம் இருக்க நியாயமில்லை. நம் முன்னோர்களும் கப்பலேறி வந்தவர்கள்தாம். 2025 மே மாதம் பீஷான் அரங்கில் லயன் சிட்டி செய்லர்ஸ் கழகம் ஆசியக் கண்டத்தின் இரண்டாம் நிலைக் கிண்ண இறுதியாட்டத்தில் ஷார்ஜாவுக்கு எதிரே ஆடியபோது, முழு நேரம் முடிந்த பிறகு பெல்ஜியத்துக்காரரான லெஸ்தியென் கோலைச் சமன் செய்த அந்தக் கணத்தில் எழுந்த ஆரவாரத்தில் என் குரலும் கலந்திருந்தது. சில நிமிடங்களிலேயே ஷார்ஜா இன்னொரு கோல் போட்டு 2-1 என்று கிண்ணத்தைக் கொண்டுபோனது உண்மை. ஆயினும் சிங்கப்பூர்க் கழகம் ஒன்று அத்தகைய இறுதியாட்டத்தை எட்டியது சரித்திரத்தில் முதல் முறை. பணம் செலவழித்து ஆள் எடுக்காமல் அந்த மேடை கிடைத்திராது. நான் கேட்பதெல்லாம், அந்தச் செலவின் நிழலில் எந்த உள்ளூர்ப் பையன் வளர்கிறான் என்பதையும் கணக்கில் எழுதவேண்டும் என்பதுதான்.

தேர்வு என்ற விஷயத்தைப் பேசும்போது வி. சுந்தரமூர்த்தியை விட்டுவிட்டுப் பேச என்னால் இயலாது. பந்து காலில் ஒட்டிக்கொண்டதுபோல் அவர் எதிராளிகளைக் கடந்து செல்லும் லாவகத்தைக் கண்டவர்கள், அதன் பிறகு வந்த எந்த ஆட்டக்காரனிடமும் முழுத் திருப்தி அடைந்ததில்லை. 1993இல் தேசிய விளையாட்டரங்கில் புருணைக்கு எதிரே, தரைக்கு முதுகைக் காட்டி அந்தரத்தில் கிடந்தபடி அவர் உதைத்த கோலை, அன்று பிறந்திராத பிள்ளைகளும் இன்று படச்சுருளில் பார்த்து வாய்பிளக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பாசெல் கழகமும், மலேசிய மாநில அணிகளும் அவரை நாடி அழைத்தன. அத்தகைய மனிதர், அடுத்த ஆண்டு 1994இல் டக்ளஸ் மூர் பயிற்றுவித்த அணியில் இல்லை. அந்த ஆண்டில்தான் சிங்கப்பூர் மலேசிய லீக் பட்டத்தையும் வென்று, டிசம்பர் 17ஆம் தேதி ஷா ஆலம் அரங்கில் பகாங்கை 4-0 என்று வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தையும் கைப்பற்றியது. அப்பாஸ் சாட் மூன்று கோல், ஃபாண்டி ஒன்று. பல்லாயிரம் பேர் பாலம் கடந்து போய்ப் பார்த்த அந்த ஜெயம், தேர்வாளர் செய்தது சரியே என்று நிரூபித்துவிட்டதாகப் பலரும் வாதிடுவார்கள். நான் அதற்கு இணங்கமாட்டேன். ஒருவர் இல்லாமல் ஜெயித்தது, அவர் இருந்திருந்தால் தோற்றிருப்போம் என்பதற்குப் பிரமாணம் ஆகாது. ஓர் அணி ஒழுங்கினால் மட்டும் ஆவதன்று. கணக்கில் அடங்காத கலைஞன் ஒருவனுக்கு இடம் விடும் விசாலமும் தேர்வாளனுக்கு வேண்டும் என்றே இன்றளவும் கருதுகிறேன்.

அதே சுந்தரமூர்த்தி பிறகு பயிற்றுவிப்பாளராகி, மலேசிய லீக்குக்கு நாம் அனுப்பிய லயன்ஸ் டுவெல்வ் அணியை 2013இல் பட்டம் வெல்லச் செய்தார். அந்த அணி 2012இல் தோன்றியபோது, உள்ளூர்க் கழகங்களின் தேர்ந்த இளைஞர்கள் அதில் போய்ச் சேர, நம் உள்ளூர் லீக்கான எஸ்-லீக் இளைத்தது. 2015இன் முடிவில் அந்த அணி கலைக்கப்பட்டபோது, அந்த ஆட்டக்காரர்கள் திரும்பி வந்து சேர்ந்த லீக் பழைய தெம்போடு இல்லை. தேசியப் பயிற்றுவிப்பாளராக அவர் பொறுப்பேற்றது 2016 மே மாதத்தில். அவ்வாண்டின் சுசுகி கிண்ணப் போட்டியில், பிலிப்பீன்ஸுடன் கோலின்றிச் சமன் செய்து, தாய்லாந்திடமும் இந்தோனேசியாவிடமும் தோற்று வெளியேறியபோது, தாக்கி ஆடுவதற்கென்றே பிறந்த மனிதர் தற்காப்பையே கட்டிக்கொண்டு அழுகிறாரே என்று ஏசாத வாய் இல்லை. எனக்கோ அவர்மீது இரக்கமே மேலிட்டது. தம் இளமையின் சாயலில் ஒருவனைத் தேடி அவர் லீக் முழுவதும் கண்ணோட்டியிருப்பார். அந்த ஸ்தானத்தில் கழகந்தோறும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் அயல்நாட்டவர். இருப்பதைக் கொண்டுதானே எவரும் ஆடமுடியும்?

தமிழர் என்ற முறையில் எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. எழுபதுகளில் கார்னர் உதையை வளைத்து அடிப்பதில் பெயர் பெற்ற எஸ். ராஜகோபால், 1977இல் மலேசியக் கிண்ணத்தை மீட்ட அணியின் தலைவர் சமது அல்லாபிச்சை, ஹோம் யுனைடெட்டின் தூணாக நின்ற எஸ். சுப்பிரமணி என்று தலைமுறைக்கு ஒருவராவது நம்மவர் இருந்தார்கள். 1998 செப்டம்பர் 5ஆம் தேதி ஹனோயில், வியட்நாமியர்களின் சொந்த அரங்கில், ஆர். சசிகுமாரின் தோளில் பட்டு உள்ளே சென்ற ஒரே கோலால் டைகர் கிண்ணத்தை வென்றோம். வட்டாரப் பட்டம் ஒன்று நமக்கு வாய்த்தது அதுதான் முதல் தடவை. அண்மைக் காலத்தில் மது மோகனாவும் அனுமந்தன் மோகன்குமாரும் தற்காப்பிலும் நடுத்திடலிலும் உழைத்தார்கள். இனத்துக்கு இத்தனை இடம் என்று எவரும் ஒதுக்கவேண்டியதில்லை. அப்படிக் கிடைக்கும் இடத்தில் கௌரவமும் இல்லை. ஆனால் வெளிவரும் பட்டியல்களில் நம் பெயர்கள் அருகிவருவதைக் காணும்போது, பையன்கள் எந்த வாசலில் திரும்பிப் போகிறார்கள் என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

அந்த வாசல்களில் ஒன்று எங்கள் பேட்டையிலேயே மூடப்பட்டது. ஜிப்ரால்டர் கிரசெண்ட், செம்பவாங் விளையாட்டுக் கழகம் ஆகிய இரண்டும் இணைந்து பிறந்த செம்பவாங் ரேஞ்சர்ஸ், 1996இல் எஸ்-லீக் தொடங்கிய நாள்முதல் 2003 வரை யீஷூன் அரங்கில் ஆடிவந்தது. பிரிட்டிஷ் கடற்படைத் தளத்திலும் பின்னர் கப்பல் பட்டறையிலும் வேலை பார்த்த தமிழரும் மலையாளிகளும், மாலை வேலை முடிந்து உடைமாற்றக்கூட வீட்டுக்குப் போகாமல், காகிதக் கூம்பில் சுற்றிய கச்சாங் பூத்தேயைக் கொறித்துக்கொண்டு வெறும் சிமெண்டுப் படிகளில் அமர்ந்திருந்த காட்சியை மறப்பதற்கில்லை. கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரை அண்மையில் புக்கிட் கான்பெரா உணவங்காடி நிலையத்தில் சந்தித்தேன். செய்லர்ஸ் கழகத்தின் ஆசிய இறுதியாட்டத்தைப் பற்றி நான் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

“தம்பி, பெரிய டீம் ஜெயிச்சா டிவியில பாத்துக்கலாம்” என்றார் அவர், கோப்பியை ஆற்றிக்கொண்டே. “நம்ம டீம் தோத்தாலும் பஸ் ஏறிப் போய்ப் பாக்கணும்ல? அதுக்கு ஒரு டீம் எங்க இருக்கு?”

“இல்லண்ணே, இந்தப் பக்கமே ஒண்ணும் இல்ல” என்பதைத் தவிர நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. உட்லண்ட்ஸ் வெலிங்டன் கழகமும் பெயரளவில்கூட இல்லாமற்போன பிறகு, வடக்கே குடியிருக்கும் இலட்சக்கணக்கானோருக்குத் தங்கள் பேட்டைப் பெயரைத் தாங்கிய லீக் கழகம் ஒன்றுமில்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்து விளையாடக்கூடாது என்ற பலகையின் எதிரிலேயே பந்தைத் தட்டிக்கொண்டிருக்கும் பையன், நாளை எந்தக் கழகத்தின் கதவைத் தட்டுவான்? தெம்பனிஸுக்கோ பீஷானுக்கோ ரயிலேறிப் போகும் பையன் வாரத்தில் மூன்று மாலைகளை வழியிலேயே செலவழிக்கிறான். பரீட்சை ஆண்டு வந்ததும் முதலில் கைவிடப்படுவது அந்த மூன்று மாலைகள்தாம். பதினெட்டு வயதில் தேசிய சேவை வந்து இன்னும் இரண்டு ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறது. அதற்கு முன்பே அவன் பெயர் ஏதேனும் ஒரு கழகத்தின் ஏட்டில் ஏறியிருந்தாலொழிய, அவனைத் தேர்ந்தெடுக்கவோ விலக்கவோ எந்தப் பயிற்றுவிப்பாளருக்கும் சந்தர்ப்பமே வாய்ப்பதில்லை.

2018இல் லீக்குக்குச் சிங்கப்பூர் பிரிமியர் லீக் என்று புதுப்பெயர் சூட்டியபோது, இருபத்துமூன்று வயதுக்குட்பட்ட உள்ளூர் ஆட்டக்காரர் மூவர் முதற்பாதி முழுவதும் ஆடவேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். நான் அதை மனமார ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். அதில் ஒரு குறை இருந்தது: எந்த ஸ்தானத்தில் ஆடவேண்டும் என்பதை அது கேட்கவில்லை, இடைவேளையோடு வெளியே அழைத்துக்கொள்வதையும் தடுக்கவில்லை. அதன் பிறகு 2024-25 பருவத்தில் அயல்நாட்டு ஆட்டக்காரர்களுக்கான வரம்பு உயர்த்தப்பட்டது. தரம் உயர்ந்ததையும் நான் காண்கிறேன், இடம் சுருங்கியதையும் காண்கிறேன். 2027 ஜனவரியில் சவூதி அரேபியாவில் தொடங்கும் ஆசியக் கிண்ணத்துக்கு முன்னர் நம் கழகங்களுக்கு எஞ்சியிருக்கும் இடமாற்றக் காலங்கள் சொற்பம். அவற்றில் ஒவ்வொரு கழகமும் தாக்குதல் ஆட்டக்காரர் ஒருவரையும் நடுப் பின்னணித் தற்காப்பாளர் ஒருவரையும் உள்ளூரிலிருந்து எடுத்து, பருவத்தின் பாதி ஆட்டங்களிலாவது முழு நேரம் ஆடவிட வேண்டும் என்று காற்பந்துச் சங்கம் விதித்தால், அதனால் இரண்டொரு வெற்றிகள் குறைந்துபோவதாயினும், டிக்கெட் வாங்கிக்கொண்டு படிகளில் போய் உட்கார நான் மட்டுமன்றி அந்த வெல்டர் அண்ணனும் தயாராக இருக்கிறார்.