அடைக்கச் சொன்ன சட்டமே கொடுக்கவும் சொன்னது

2021 ஜூன் 7 முதல் தீப்பெட்டித் தொழிற்சாலைகள் 50 சதவீதப் பணியாளர்களோடு இயங்கலாம் என்று தமிழக அரசு அறிவித்தது. கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலைப் பக்கம் அதை நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பாதிப்பேரின் கதி என்ன என்று மட்டும் அந்த அறிவிப்பில் ஒரு வரியும் இல்லை. மாதச் சம்பளக்காரர்களின் அலுவலகத்தில் பாதிப்பேர் வந்தால் போதும் என்றால், வராதவர்களுக்கும் முதல் தேதி சம்பளம் வந்துவிடும். கரிசல் காட்டுப் பெண்கள் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று சொல்லிப் போகிற தொழிற்சாலையில் எண்ணிக்கைக்குத்தான் கூலி. கட்டை அடுக்கினால் அடுக்கிய கட்டைக்கு. பெட்டியில் குச்சி அடைத்தால் அடைத்த குரோஸுக்கு. வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டினால் ஒட்டிய பெட்டிக்கு. போகாத நாளுக்கு ஒன்றுமில்லை.

கதவைத் திறக்க அனுமதிப்பதையே நிவாரணமாகக் கருதுவதை அரசுகள் கைவிட வேண்டும். ஆணை போட்டு ஒரு தொழிலை நிறுத்தினால், நின்ற நாட்களின் கூலியில் ஒரு பங்கையாவது அந்த ஆணையே ஈடுகட்ட வேண்டும். இது புதிய கோரிக்கையும் அல்ல. 2020 மார்ச் 24 அன்று நாடு முழுவதையும் அடைக்கச் சொன்ன ஆணை, பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் கீழ் பிறந்தது. குறைந்தபட்ச நிவாரணத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அன்று அதே சட்டத்தின் 12ஆவது பிரிவு சொன்னது. உயிரிழப்புக்குக் கருணைத்தொகை, வீட்டுச் சேதத்துக்கு உதவி, வாழ்வாதாரத்தை மீட்க உதவி என மூன்றும் ஒரே உட்பிரிவில் அடுத்தடுத்து நின்றன. முதலாவதை 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் கையிலெடுத்தது. கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கிடைத்தது அப்படித்தான். வாழ்வாதாரம் பற்றிய வார்த்தைகளோ ஏட்டோடு நின்றுவிட்டன.

கட்டுப்பாடே தேவையில்லை என்று நாம் வாதிடவில்லை. 2021 மே மாதத்தில் ஆக்சிஜனுக்காக, மூடிக்கிடந்த தூத்துக்குடி ஸ்டெர்லைட் வளாகத்தையே உச்ச நீதிமன்ற அனுமதியோடு திறக்க வேண்டியிருந்தது. ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும் கம்பெனி வேனில் ஆறடி இடைவெளிக்கு எங்கே போவது? அடைத்தது சரி. அந்த அடைப்பின் செலவு யார் தலையில் விழுந்தது என்பதே நம் கேள்வி.

2020இல் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய், 2021இல் அரிசி அட்டைக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாய், 14 வகை மளிகைப் பொருட்கள் ஆகியவற்றை மாநில அரசுகள் கொடுத்தன. ரேஷன் கடை வழியே போனதால் வேகமாகப் போய்ச் சேர்ந்தது. அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால், வருமானம் நிற்காத வீட்டுக்கும், மூன்று பெண்கள் ஆபீஸுக்குப் போய்ப் பிழைத்த வீட்டுக்கும் அட்டை ஒன்று, தொகை ஒன்று. சிறு முதலாளிகளுக்கு ஒன்றிய அரசு காட்டியது கடன். பிணையில்லாக் கடனுக்கு 3 லட்சம் கோடி ரூபாய் உத்தரவாதம் என்று 2020 மே மாதம் அறிவித்தார்கள். 2020 பிப்ரவரி 29 அன்று இருந்த கடன் பாக்கியில் 20 சதவீதம் கூடுதலாகத் தருவது திட்டம். ஏற்கெனவே வங்கியில் கடன் வைத்திருந்தவருக்கே மேலும் கடன் என்று பொருள். பெரிய ஆலையிடம் முன்பணம் வாங்கி, வேலை எடுத்துச் செய்து கொடுத்தவருக்கு அதில் இடமே இல்லை.

2020 மார்ச் 14ஆம் தேதி நடந்ததை யாரும் இப்போது நினைவில் வைத்திருக்கவில்லை. கொரோனாவைப் பேரிடராகக் கருதி மாநிலப் பேரிடர் நிவாரண நிதியைப் பயன்படுத்தலாம் என்று உள்துறை அமைச்சகம் அறிவித்தது அன்றுதான். கையால் செய்யும் தீப்பெட்டிக்கான ஜிஎஸ்டியை 5 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக உயர்த்த ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்ததும் அன்றுதான். மற்ற தீப்பெட்டிக்கு 18 சதவீதம் 12 ஆனது. இயந்திரம் வைத்திருந்தவருக்கு லாபம். ஏப்ரல் 1 அன்று புதிய வரி நடைமுறைக்கு வந்தபோது ஆபீஸ்கள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. பேரிடர் நிதியிலிருந்து தனிமை முகாமுக்கும் பரிசோதனைக்கும், பிறகு புலம்பெயர் தொழிலாளரின் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் செலவிட அனுமதி கிடைத்தது. நின்றுபோன கூலிக்குக் கிடைக்கவில்லை.

காற்றில் ஈரம் குறைந்த வானம் பார்த்த பூமி என்பதால்தான் தீப்பெட்டித் தொழிலே இங்கு வேர்விட்டது. புரட்டாசியில் விதைத்து தை மாதம் உளுந்து, பாசி, மக்காச்சோளம் வீடு வந்தால் அது ஒரு கை. ஆபீஸ் கூலி மறு கை. 2021 ஜனவரியில் அறுவடை நேரத்தில் பெய்த மழையில் காய் செடியிலேயே முளைத்தது. அந்த வீடுகளுக்குத்தான் மே மாத ஊரடங்கு ஆபீஸ் கூலியையும் நிறுத்தியது. பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது பெரிய உதவிதான். தன் பெயரில் பட்டாவும் கடனும் இல்லாத குத்தகைக்காரருக்கு அது எட்டவில்லை.

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020 ஏப்ரல் 30 அன்று. ஊரே பெருமைப்பட்ட அந்த நாளில், நெடுஞ்சாலைப் பேருந்துப் பயணிகளை நம்பிய மிட்டாய்க் கடைகளுக்கு முன்னால் பேருந்தும் இல்லை, பயணியும் இல்லை.

கடை நேரம் என்ற கட்டுப்பாடு எவ்வளவு தூரம் போகும் என்பதையும் இந்தத் தூத்துக்குடி மாவட்டம் பார்த்தது. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரம் கடந்தும் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று சாத்தான்குளம் ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் போலீசார் கைது செய்தார்கள். அவர்களை அடைத்தது கோவில்பட்டி கிளைச் சிறையில். ஜூன் 22 இரவு மகனும் 23 காலை தந்தையும் இறந்தது கோவில்பட்டி அரசு மருத்துவமனையில். நேரம் தவறியதாகச் சொல்லிக் கடைக்காரர் மீது லத்தியோடு பாயத் தெரிந்த நிர்வாகத்துக்கு, நேரத்தோடு கடையை அடைத்தவருக்கு என்ன கொடுப்பது என்று மட்டும் தெரியவில்லை.

கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகும் நிலைமை நிமிரவில்லை. கிலோ 425 ரூபாய்க்கு வாங்கிய சிவப்பு பாஸ்பரஸ் 810 ரூபாய் ஆகிவிட்டது, 58 ரூபாய் மெழுகு 80 ஆகிவிட்டது என்று 2021 அக்டோபரில் உற்பத்தியாளர்கள் கணக்குக் காட்டினார்கள். 14 ஆண்டுகளாக ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆனது. அதுவும் போதவில்லை. கொரோனா தடைகள் எல்லாம் விலகியிருந்த 2022 ஏப்ரலில், மூலப்பொருள் விலை தாங்காமல் பத்து நாட்களுக்கு மேல் ஆலைகளை அவர்களே அடைத்தார்கள். இந்த முறை நோயும் இல்லை, ஆணையும் இல்லை. கூலி மட்டும் பழையபடி நின்றது.

யாருக்குக் கொடுப்பது, பட்டியல் எங்கே என்று அதிகாரிகள் கேட்பார்கள். 2020இல் அது நியாயமான கேள்வி. 2021 ஆகஸ்ட் முதல் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவு நடக்கிறது. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கென்று தமிழகத்தில் தனி நல வாரியமும் இருக்கிறது. இனி அடைப்பு ஆணை எதுவானாலும், அடைத்த நாட்களுக்கு முந்தைய வாரங்களின் சராசரிக் கூலியில் பாதியாவது வாரியத்தின் வழியே தொழிலாளியின் கணக்குக்கு வரும் என்று அந்த ஆணையிலேயே எழுத வேண்டும். வீட்டில் பெட்டி ஒட்டுகிறவர்களும் அந்தக் கணக்கில் வர வேண்டும். பேரிடர் நிதியை இதற்குப் பயன்படுத்தப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வரையறை வகுக்கும்படி ஒன்றிய அரசைத் தமிழக அரசு எழுத்து மூலம் கேட்க வேண்டும். அடைப்புக் காலத்தில் வரி உயர்வு நடைமுறைக்கு வராது என்ற உறுதியை ஜிஎஸ்டி கவுன்சிலில் பெற வேண்டும்.

வாரியப் பதிவுக்கு இன்னொரு பேரிடர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தொழிலாளர் நலத்துறை அலுவலகத்துக்குப் பேருந்து ஏறி வரச் சொன்னால் பாதிப்பேர் வர மாட்டார்கள். சனிக்கிழமை கூலி கொடுக்கும் நேரத்தில் அதிகாரிகள் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் மேசை போட்டு உட்காரட்டும். கூலி நோட்டில் எல்லோர் பெயரும் இருக்கிறது.