யாருடைய அலமாரி?

2009 ஜூலையில் அமெரிக்காவில் கிண்டில் கருவி வைத்திருந்த சிலர், தாங்கள் காசு கொடுத்து வாங்கிய புத்தகம் காணாமல் போயிருந்ததைக் கண்டு திகைத்தார்கள். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய இரு நாவல்களின் ஒரு பதிப்பை அமேசான் விற்றிருந்தது. அந்தப் பதிப்பை வெளியிட்டவருக்கு உரிமை இல்லை என்று பிறகு தெரிந்ததும், வாங்கியவர்களின் கருவிக்குள்ளேயே புகுந்து அழித்துவிட்டது. பணம் திரும்பி வந்தது. ஆனால் ஒரு பள்ளி மாணவர் படித்துக்கொண்டே எழுதிவைத்த குறிப்புகள் பயனற்றுப் போயின. அவர் வழக்குப் போட்டார். அமேசான் தலைவர் ஜெஃப் பெஸோஸ் மன்னிப்புக் கேட்டார். பழைய ஆவணங்களை அரசே அழித்துத் தனக்கு வேண்டியபடி மாற்றி எழுதுவதைப் பற்றிய நாவல், '1984'. அதற்கே இந்தக் கதி.

பத்தாண்டு கழித்து, 2019இல், மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை இழுத்து மூடியது. விற்ற புத்தகங்கள் எல்லாம் வாசகர்களிடமிருந்து மறைந்தன. இங்கும் பணம் திரும்பியது. குறை சொல்ல இடமில்லாத வியாபாரம்தான். ஆனால் கடை மூடினால் வீட்டு அலமாரியும் காலியாகும் என்று எந்தக் காகிதப் புத்தகக் கடைக்காரரும் சொன்னதில்லை. மின்னூல் கடைகளில் பெரும்பாலும் விற்கப்படுவது புத்தகம் அல்ல, படிப்பதற்கான அனுமதி. 'வாங்கு' என்ற பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் நீண்ட நிபந்தனைகளில் அது எழுதியும் இருக்கிறது. யாரும் படிப்பதில்லை.

இந்த விஷயம் சென்னைவாசியைவிட டெல்லி, கல்கத்தா, நாக்பூர்த் தமிழர்களுக்குத்தான் அதிகம் உறைக்க வேண்டும். நாவலும் ஜோதிடமும் எப்படியோ ரயிலேறி வந்துவிடும். ஊருக்குப் போனவர் பெட்டியில் இரண்டு வார இதழ்கள் இருக்கும். வரலாறு, விஞ்ஞானம், சுயசரிதை, பயண நூல் என்று வந்தால் பெட்டியில் இடம் இருக்காது. அதனால்தான் 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ்ப் புத்தகங்கள் வந்தபோது வெளிமாநிலத் தமிழர்களுக்கு அது பெரிய வசதியாகப் பட்டது. வசதி உண்மைதான். சொந்தமா என்பது வேறு கேள்வி.

சொந்தமாக வைத்துக்கொள்ளக்கூடிய மின்னூல்களும் இருக்கின்றன. காப்புரிமைக் காலம் முடிந்தவை அவை. மின்னூலின் கதையே அங்குதான் தொடங்குகிறது. 1971 ஜூலை 4 அன்று, இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றில் மைக்கேல் ஹார்ட் என்ற இளைஞர் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து ஏற்றினார். கூட்டன்பர்க் திட்டம் இப்படிப் பிறந்தது. முதல் மின்னூல் கதையோ கவிதையோ அல்ல, ஓர் அரசியல் ஆவணம். இன்று அந்தத் தொகுப்பில் 70,000க்கும் மேற்பட்ட புத்தகங்கள் இருக்கின்றன. பூட்டு இல்லை, விலை இல்லை.

பழைய புத்தகம் என்றால் தூசு தட்டிப் பார்க்க வேண்டிய விஷயம் என்று நினைப்பவர்கள், மைக்கேல் ஃபாரடேயின் 'ஒரு மெழுகுவர்த்தியின் ரசாயன வரலாறு' நூலில் தொடங்கலாம். 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்காக அவர் தொடங்கிய ஆறு சொற்பொழிவுகள் அவை. ஒரே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, சுடர், காற்று, நீர், கரி என்று போய், மனித மூச்சில் கொண்டுவந்து முடிக்கிறார். பள்ளிப் பாடத்தில் வேதியியலைக் கண்டு ஓடியவர்கள்கூடப் படிக்கலாம். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் 'நர்சிங் பற்றிய குறிப்புகள்' (1859) வீட்டில் நோயாளி உள்ள எவருக்கும் இன்றும் பயன்படும். முதல் அத்தியாயமே காற்றோட்டம் பற்றியது. நோயாளியின் காதுபட நின்று கிசுகிசுப்பவர்களையும், நம்பிக்கை ஊட்டுவதாக எண்ணி வாய்க்கு வந்ததைப் பேசும் உறவினர்களையும் அவர் வாங்கும் வாங்கு, நம் ஊர் ஆஸ்பத்திரி வார்டுகளைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது. ராபர்ட் சீவலின் 'மறக்கப்பட்ட ஒரு பேரரசு' (1900), விஜயநகரத்தை நேரில் கண்ட போர்ச்சுகீசியர்களான பயஸ், நூனிஸ் ஆகியோரின் குறிப்புகளை ஆங்கிலத்தில் தருகிறது. ஹம்பிக்குப் போகும் முன் படிக்க வேண்டியது.

தமிழில்? 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தில் வாழும் விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்துத் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் தட்டச்சு செய்து வளர்த்தது. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' அதில் கிடைக்கிறது. 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்து, 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற நூல் அது. தமிழக அரசு 1949இல் பாரதியின் எழுத்துகளில் தொடங்கி ஒவ்வொருவராக நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களும் உண்டு. அவற்றில் 2,000க்கு மேற்பட்டவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் எந்தக் கட்டுப்பாடும் இன்றி விடுவித்து, அவை விக்கிமூலத்தில் ஏறின. 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ், இன்று எழுதுபவர்களே மனமுவந்து தரும் நூல்களை வெளியிடுகிறது.

எது சொந்தம், எது திருட்டு என்பதற்குச் சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். முதலில் 50ஆக இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் நூல்கள் 1991 முடிவில் விஸ்வபாரதியின் கையைவிட்டுப் போகும் நிலை வந்தபோது, பத்தாண்டு கூட்டப்பட்டது. இந்தக் கணக்குப்படி காந்தியின் எழுத்துகள் 2009 ஜனவரி 1 அன்றும், அம்பேத்கரின் எழுத்துகள் 2017 ஜனவரி 1 அன்றும் பொதுவுடைமையாயின. அகமதுநகர் கோட்டைச் சிறையில் நேரு எழுதிய 'இந்தியாவைக் கண்டறிதல்' இந்தியாவில் 2025 புத்தாண்டில் அந்த வரிசையில் சேர்ந்தது. அமெரிக்கச் சட்டத்தின் கணக்கு வேறு.

ஒரு நுட்பம் பலருக்குத் தெரிவதில்லை. மூலத்தின் உரிமை வேறு, மொழிபெயர்ப்பின் உரிமை வேறு. காந்தியின் குஜராத்தி மூலம் பொதுச்சொத்து ஆகிவிட்டது என்பதற்காக, நேற்று ஒருவர் உட்கார்ந்து செய்த தமிழாக்கத்தை ஸ்கேன் செய்து ஊருக்கு அனுப்ப முடியாது. மொழிபெயர்ப்பாளர் இறந்து 60 ஆண்டு ஆகும்வரை அது அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. வாட்ஸப் குழுக்களிலும் டெலிகிராமிலும் தினமும் சுற்றும் பிடிஎஃப்களில் பெரும்பகுதி இப்படி யாரோ ஒருவரின் உழைப்பு. ஆயிரம் பிரதி விற்றாலே பெரிது என்றிருக்கும் தமிழ்க் கட்டுரை நூல் உலகில், இலவசமாகப் பரவும் ஒவ்வொரு பிரதியும் அடுத்த நூல் எழுதப்படாமல் போக ஒரு காரணம். 'அறிவு பொதுவானது' என்று அனுப்புபவர்கள் சொல்கிறார்கள். அரிசியும் எல்லோருக்கும் வேண்டியதுதான். அதற்காக விளைவித்தவனுக்குக் கூலி இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

அரசின் கண்ணுக்கும் மின்னூல் முழுப் புத்தகமாகத் தெரியவில்லை. அச்சிட்ட நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை. மின்னூலுக்கு முதலில் 18 சதவீதம் விதித்தார்கள். 2018 ஜூலையில் அது 5 ஆகக் குறைந்தது, அதுவும் அச்சில் வந்த நூலின் மின்வடிவமாக இருந்தால்தான்.

ஆக, வாசகர் செய்யக்கூடியது என்ன? இன்றைய எழுத்தாளரின் நூலைக் காசு கொடுத்து வாங்குவது. பூட்டு இல்லாத ஈபப் கோப்பாக விற்கும் பதிப்பாளர் இருந்தால் அவரிடம் வாங்குவது. பொதுவுடைமை நூல்களை இணையத்தில் இருக்கிறதே என்று விட்டுவிடாமல் இறக்கி, இரண்டு இடத்தில் சேமிப்பது. கிண்டில் நூலைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ள முன்பு ஒரு வழி இருந்தது. 2025 பிப்ரவரியில் அமேசான் அதையும் அடைத்துவிட்டது.

பிரதி எடுப்பதன் அருமையை இந்தியா ஒருமுறை பார்த்திருக்கிறது. அரசு ஆதரவுடன் லட்சக்கணக்கான பழைய நூல்களை ஸ்கேன் செய்த இந்திய மின்னூலகத்தின் தளம் ஒரு கட்டத்தில் கிடைக்காமல் போயிற்று. அதற்குள் கார்ல் மலமூட் என்ற அமெரிக்கர் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களை இன்டர்நெட் ஆர்க்கைவில் படியெடுத்து வைத்திருந்தார். இல்லையென்றால் பல நூல்களைத் தேடி மீண்டும் நூலகங்களின் கதவைத் தட்ட வேண்டியிருந்திருக்கும்.

உ.வே.சா. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சுவடி தேடிப் போனபோது, பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாது என்ற சாத்திரத்தின் பேரில் அவற்றை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாக அங்கே சொன்னார்கள். அந்த ஏடுகளில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் பதிப்பித்த நூல்கள் தப்பியதற்குக் காரணம், யாரோ எப்போதோ இன்னொரு பிரதி எழுதி, அதை இன்னொரு வீட்டில் வைத்திருந்ததுதான்.