துரைசானியின் பாயில் உட்கார்ந்தவர்கள்

சென்ற மாதம் திண்டுக்கல்லில், ஒரு மாடியறையில், பதினைந்து பேர் கூடிய இலக்கியக் கூட்டத்தில் இரண்டு கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. இரண்டும் மிஷனரிகளைப் பற்றியவை. முதல் நண்பர், அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து, இந்தப் பொட்டல் வெக்கையில் கணவனும் மனைவியுமாக வேத வகுப்பு நடத்தியவர்கள்தான் நமக்கு எழுத்தறிவையும் நவீன உரைநடையையும் 'கொடுத்தார்கள்' என்றார். அடுத்தவர், அதே தம்பதிகள் நம் கலாச்சாரத்தின் வேரில் வெந்நீர் ஊற்றியவர்கள் என்றார். இரண்டுக்கும் அதே பதினைந்து பேர் அதே உற்சாகத்தோடு கை தட்டினார்கள். நான் எழுந்தபோது நேரமாகிவிட்டது என்றார்கள். டீ வந்துவிட்டது. அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

'கொடுத்தார்கள்' என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல்லுக்கு ஆள் அனுப்பிய அமெரிக்கன் போர்டு 1816-ல் யாழ்ப்பாணத்தில் கால் வைத்தது. அங்கிருந்து 1834-ல் மதுரைக்கு வந்து, ஓரிரு ஆண்டுகளில் திண்டுக்கல்லையும் எட்டியது. இதே போர்டு 1819 அக்டோபரில் பாஸ்டனிலிருந்து ஒரு கப்பலில் ஏழு தம்பதிகளைப் பசிபிக்கின் ஹவாய்த் தீவுகளுக்கு அனுப்பியது. கலியாணமாகாதவன் தீவுக்குப் போனால் கெட்டுவிடுவான் என்ற பயத்தில், அவர்களில் பெரும்பாலோருக்குக் கப்பல் ஏறுமுன் அவசர அவசரமாகப் பெண் பார்த்து முடித்தார்கள். ஹைரம் பிங்ஹாமும் அவர் மனைவியும் முதன்முதலில் பார்த்துக்கொண்டதற்கும் கைப்பிடித்ததற்கும் இடையே இருந்தது இரண்டு வாரம்தான். 1820-ல் போய் இறங்கியவர்கள் அந்த மொழிக்கு ஐந்து உயிரும் ஏழு மெய்யுமாகப் பன்னிரண்டே எழுத்தில் ஓர் அரிச்சுவடி செய்தார்கள். 1839-ல் முழு வேதாகமத்தையும் அச்சிட்டார்கள். அங்கே போய் 'எழுத்தைக் கொடுத்தார்கள்' என்று சொன்னால் அதில் ஏதோ அர்த்தம் இருக்கிறது. இங்கே? தொல்காப்பியம் இருந்த மொழிக்குள் வந்தவர்கள் நம்மிடம்தான் எழுத்துப் படித்தார்கள். முன்ஷியின் எதிரில் உட்கார்ந்து, ழகரத்துக்கு நாக்கை வளைத்து, மாதக்கணக்கில் திணறினார்கள். தீவின் கதையைச் சமவெளியின் கதையாக எழுதிவிட்டார் நண்பர். நன்றியுணர்ச்சி மிகும்போது பூகோளம் மறந்துபோகும் போலிருக்கிறது.

இரண்டாமவருக்கும் ஹவாய் உதவியிருக்கும். 1893-ல் அந்த ராஜ்யத்தைக் கவிழ்த்தவர்களில் மிஷனரிகளின் பிள்ளைகளும் பேரன்களும் இருந்தார்கள். பிறகு அங்கே குடியரசுத் தலைவராக அமர்ந்த சான்ஃபோர்டு டோல் ஒரு மிஷனரியின் மகன். 1896-ல் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலமே போதனா மொழி என்று சட்டம் வந்தது. அரிச்சுவடியைக் கொடுத்த கை, அடுத்த இரண்டு தலைமுறையில் மொழியையே பள்ளியைவிட்டு வெளியேற்றியது. இதெல்லாம் உண்மை. ஆனால் திண்டுக்கல்லில் மிஷனரி தொட்டுக் கெடுத்த 'கலாச்சாரம்' எது என்று நண்பரால் ஒரு வரி சொல்ல முடியவில்லை. நான் சொல்கிறேன். 1847-ல் மதுரை மிஷன், சாதியை விடாத உபதேசிமாரையும் சபையாரையும் விலக்கிவைத்தது. பரீட்சை சுலபமானது: எல்லா சாதியாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பலர் வேலையை விட்டார்கள், சாதியை விடவில்லை. அதற்கு இருபது வருஷம் முன்பே தஞ்சாவூரில், வேதநாயக சாஸ்திரி, எவ்வளவு பெரிய கவி, புதிதாக வந்த மிஷனரிகள் சாதியாசாரத்தில் கை வைத்ததற்காக அவர்களை எதிர்த்து எழுதிக்கொண்டிருந்தார். வெந்நீர் ஊற்றப்பட்ட வேர் இதுதான் என்றால், நண்பர் எந்த மரத்துக்காக அழுகிறார் என்பதை அவரே விளக்கட்டும்.

மிஷன் முழுமனதோடு இதைச் செய்தது என்றும் நான் சொல்லவில்லை. சமபந்திக்கு அடம்பிடித்தவர்களே, சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் தங்கள் ஆட்களைக் கொன்றபோது 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டு மேலே போனார்கள். பாயில் உட்கார்ந்தவர்களைக் கீழே விட்டுவிட்டுத்தான் போனார்கள். காலரா இருவருக்கும் பொது; மலை ஒருவருக்கு மட்டும்.

ஆனால் இரண்டு கட்டுரைகளிலும் என்னை உறுத்தியது இது எதுவும் அல்ல. இரண்டிலும் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் இல்லை. ஒருவருக்கு நாம் நன்றியோடு ஏந்திய பாத்திரம்; மற்றவருக்கு ஏமாந்து பருகிய வாய். பாத்திரமும் வாயும் பேசாது. மிஷன் பதிவேடுகளே இதற்கு வழி செய்துவைத்திருக்கின்றன. அவற்றில் புருஷன் மிஷனரி. பெண்சாதி, அவள் எத்தனை வருஷம் எத்தனை வகுப்பு நடத்தியிருந்தாலும், 'உதவி மிஷனரி'. அவள் பழக்கிய தமிழ் வேதப்பெண்கள் வெறும் எண்ணிக்கை: இத்தனை பேர், இத்தனை வீடு, இத்தனை பேருக்கு வாசிப்பு. மதுரையில் கேப்ரன் ஹால் பள்ளியின் பெயர்ப்பலகையை எல்லாரும் பார்த்திருக்கிறோம். சாரா கேப்ரன், கணவர் இறந்தபின் மதுரையில் வேதப்பெண்களின் வேலையை மேற்பார்வை பார்த்தவர், பிற்பாடு சிகாகோவில் மூடி தொடங்கிய வேதாகமப் பள்ளியில் பெண்கள் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அதாவது, வீடுவீடாகப் போய், திண்ணையில் உட்கார்ந்து, படிக்காத பெண்ணோடு பேசும் வித்தையை அவர் மதுரைத் தெருக்களில் பார்த்துவிட்டுத்தான் அமெரிக்கப் பெண்களுக்குப் பாடம் சொல்லப் போனார். அதை அவருக்குக் காட்டியது யார்? தெருவும் தெருப்பேச்சும் தெரிந்த நம் பெண்கள் அல்லாமல் வேறு யார்? இந்தக் 'கொடுத்தல்' எந்தக் கட்டுரையிலும் வராது.

என் அப்பத்தா ஒரு வேதப்பெண். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. சொந்தக் கதை சொல்லி அனுதாபம் தேடுவது நம் பத்திரிகைகளில் ஒரு வியாதியாகிவிட்டது. ஆனாலும் சாட்சி வேறு கையில் இல்லை. 1930களில், ஒரு துரைசானி அம்மாளின் வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்து, பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் வேலை செய்தவர்களின் குடிசைகளுக்குச் சாயங்காலங்களில் போய்வந்தவள். அந்த ஜனங்களைப் பற்றி நாவல் வர 2010 ஆயிற்று, டி. செல்வராஜின் 'தோல்'. அப்பத்தா அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே அந்த நாற்றத்தின் நடுவே பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள்.

ஒருநாள் ஆகார் கதையைச் சொல்லியிருக்கிறாள். ஆபிரகாமின் வீட்டில் அடிமைப்பெண். எஜமானுக்குப் பிள்ளை பெற்றுக்கொடுத்தவள். எஜமானிக்குப் பிள்ளை பிறந்ததும் கொஞ்சம் அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் கொடுத்து வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்டவள். சுண்ணாம்பில் வெந்த கையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் கேட்டாளாம்:

"ஏம்மா, அவள வெரட்டச் சொன்னது அந்த எசமானியம்மாவா, சாமியா?"

"எசமானியம்மா சொன்னா. சாமியும் அவ சொல்றபடி செய்யின்னுட்டாரு."

"அப்ப நம்ம சாமி யாரு பக்கம்?"

அப்பத்தா பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் இதைத் துரைசானியின் வகுப்பில் கேட்டிருக்கிறாள். துரைசானி கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, தேவன் பிறகு வனாந்தரத்தில் ஆகாருக்கு ஒரு துரவைக் காட்டினாரே, அதைச் சொல் என்றாராம். அப்பத்தா போய்ச் சொன்னாள். அந்தப் பெண் கேட்டுவிட்டு, "தண்ணி காட்டுனாரு, சரி. வீட்டக் காட்டலயே" என்றாள். இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பத்தா சிரிப்பாள். கடைசிவரை கோயிலுக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை. அந்தக் கேள்வியையும் விடவில்லை.

இதை நான் தமிழ் விமர்சனம் என்கிறேன். ஒரு மூலத்தை எடுத்து, அதன் அதிகாரத்துக்கு அஞ்சாமல், தன் அனுபவத்தின் மேல் வைத்து உரசிப் பார்த்தல். மணிக்கொடிக்காரர்கள் எழுதிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், எழுதத் தெரியாத ஒருத்தி இதைச் செய்திருக்கிறாள். இது எந்த மிஷன் அறிக்கையிலும் ஏறியிருக்காது. ஏறுவதற்கு அங்கே கட்டமே கிடையாது.

மிஷனரி நமக்கு விட்டுப்போனதில் உண்மையிலேயே வேரோடியது வேதமும் அல்ல, உரைநடையும் அல்ல, வினாவிடை. 1579-ல் கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்' குருவும் சீடனும் பேசிக்கொள்ளும் புத்தகம். நம் அச்சின் குழந்தைப் பருவமே இதில்தான் கழிந்தது. அதில் வினாவைக் கேட்பவனுக்கும் விடை முன்பே தெரியும். யாழ்ப்பாணத்தில் பெர்சிவலோடு உட்கார்ந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவிய ஆறுமுக நாவலர், 1848-ல் வண்ணார்பண்ணையில் சொந்தப் பள்ளி கண்டு மிஷனரிகளை எதிர்க்கப் புறப்பட்டபோது, அவர்களிடமிருந்து கையோடு எடுத்துப்போனதும் இதைத்தான். 'சைவ வினாவிடை' எழுதினார். பிறகு கட்சி வகுப்புகள், பகுத்தறிவு வகுப்புகள். தெய்வம் மாறிற்று, வடிவம் மாறவில்லை. அன்று மாடியறையில் படித்த இரு கட்டுரைகளும் இரண்டு வினாவிடைகள். மிஷனரி நல்லவரா? நல்லவர். மிஷனரி கெட்டவரா? கெட்டவர். மனப்பாடம் சுத்தமாக இருந்தது. தோல் ஷாப்புப் பெண் கேட்டது வினாவிடையில் வராத வினா; அதனால்தான் அது இரண்டு பேருக்கும் வேண்டியிருக்கவில்லை.

நம் மரபும் இதில் குற்றமற்றதல்ல. வத்தலக்குண்டு என்றால் நம்மவர் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ராஜமய்யர் பிறந்த ஊர், பி. எஸ். ராமையாவின் ஊர், 'எழுத்து' நடத்திய செல்லப்பா வளர்ந்த ஊர். எனக்கும் அந்த மரியாதை உண்டு. செல்லப்பா 1959-ல் அந்தப் பத்திரிகையைத் தொடங்கியிராவிட்டால் நான் இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் அதே வத்தலக்குண்டு அமெரிக்கன் மிஷனின் ஒரு நிலையமும்கூட. அக்கிரகாரத்தின் ஊஞ்சலும் திண்ணைப் பேச்சும் ராஜமய்யர் கையில் அற்புதமான தமிழாயின. மிஷன் வளவுக்குள் பாயில் உட்கார்ந்தவர்களின் பேச்சு யார் கையிலும் எதுவும் ஆகவில்லை. ராஜமய்யரை இதற்காகக் குறை சொல்வது அசட்டுத்தனம். அவர் தான் அறிந்ததை எழுதினார், இருபத்தாறு வயதில் இறந்தும் போனார். அதற்குப்பின் நூறு வருஷத்துக்கு மேல் இருந்த நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? உள்மனப் பிரயாணம் போய்க்கொண்டிருந்தோம்.

அப்பத்தாவின் வேதாகமம் என்னிடம் இருக்கிறது. அட்டை போய்விட்டது. ஆதியாகமம் இருபத்தோராம் அதிகாரத்தின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் நீளமாக ஒரு கோடு. வேறு எங்கும் கோடு இல்லை.

கூட்டத்தில் படித்த இரண்டு கட்டுரைகளும் சிறு நூலாக வரப்போகின்றனவாம். உள்ளூர்க்காரன் என்பதால் என்னிடம் முன்னுரை கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் கேள்வியை முதல் பக்கத்தில், பதில் எதுவும் சேர்க்காமல் அச்சிடச் சம்மதமா என்று கேட்டு ஒரு கார்டு போட்டேன். மூன்று வாரம் ஆகிறது.