மூன்றரை டாலர் கணக்கு



பாய்ந்து வரும் ராக்கெட்டை லேசர் ஒளியால் எரித்து வீழ்த்த வெறும் மூன்றரை டாலர்தான் செலவு என்று 2022 ஏப்ரலில் அன்றைய இஸ்ரேல் பிரதமர் நஃப்தாலி பென்னட் மார்தட்டினார். 'அயர்ன் பீம்' ஆயுதத்தின் சோதனையை ஒட்டி வந்த அறிவிப்பு அது. பத்திரிகைகள் அப்படியே அச்சிட்டன. நம் இளைஞர்களில் பலரும் வாய் பிளந்து கேட்டனர்.

வியாபாரம் செய்யும் சகோதரர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் பிரதிக்கு ஆகும் கரண்டுச் செலவை மட்டும் சொல்லி, இதுதான் என் அடக்கவிலை என்றால் ஒப்புக்கொள்வீர்களா? மெஷின் விலை எங்கே, கடை அட்வான்ஸ் எங்கே, ஆள் சம்பளம் எங்கே என்று கேட்க மாட்டீர்களா? அந்த மூன்றரை டாலர் கரண்டுச் செலவு மட்டுமே! அதே ஆயுதத்தைத் தயாரிக்க 2024 அக்டோபரில் இஸ்ரேல் போட்ட ஒப்பந்தம் ஏறத்தாழ 200 கோடி ஷெக்கேல். அதற்கு முன் ஆராய்ச்சியில் கரைந்தது தனி.

அமெரிக்காவின் கதை இதைவிட வேடிக்கை. போயிங் 747 விமானத்தின் மூக்கில் ரசாயன லேசரைப் பொருத்தி, ஏவுகணை கிளம்பும்போதே பொசுக்கப் போவதாகக் கிளம்பினார்கள். 2010 பிப்ரவரியில் ஒரு சோதனை ஏவுகணையை வீழ்த்தியும் காட்டினார்கள். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் உண்மையைப் போட்டு உடைத்திருந்தார்: இந்த விமானம் பயன்பட வேண்டுமானால் ஈரானின் எல்லைக்குள்ளேயே வட்டமடிக்க வேண்டும், இல்லையேல் இருபது, முப்பது மடங்கு சக்தியுள்ள லேசர் வேண்டும்! 500 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய அத்திட்டம் 2011 டிசம்பரில் மூடப்பட்டது.

லேசர் என்பது தொட்டவுடன் சாம்பலாக்கும் மந்திரக்கோல் அல்ல. குறியின் ஒரே இடத்தில் சில விநாடிகள் நிலைத்து நின்று சூடேற்ற வேண்டும். அந்த விநாடிகளில் இரண்டாவது குறியைத் தொட முடியாது. மேகமும் மழையும் புழுதியும் ஒளியைச் சிதறடிக்கும். போகும் வழியில் காற்றே சூடாகிக் கதிரைப் பரப்பிவிடும். 2024-ல் 50 கிலோவாட் லேசர் பொருத்திய வண்டிகளை மத்தியக் கிழக்குக்கு அனுப்பிப் பார்த்த அமெரிக்க ராணுவ அதிகாரிகள், சோதனைக் களத்தில் கண்டது வேறு, போர்க்களத்தில் கண்டது வேறு என்று செனட்டில் ஒப்புக்கொண்டனர்.

அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து உருவாக்கிய முந்தைய லேசர் 2000-ல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் கத்யூஷா ராக்கெட்டுகளை வீழ்த்தியது. அன்றும் இதே ஆரவாரம்தான்! 2006 லெபனான் போரில் வடக்கு இஸ்ரேலை நோக்கி ஏறத்தாழ 4,000 ராக்கெட்டுகள் பாய்ந்தபோது அது களத்திலேயே இல்லை.

அப்படியானால் எல்லாம் வெற்று வேட்டா? அதுவும் இல்லை. கண்ணாடியைக் காட்டினால் லேசர் திரும்பிவிடும் என்று டீக்கடையில் பேசுவோரும் ஏமாந்தவர்களே. லெபனானிலிருந்து வந்த பல ட்ரோன்களை 2024-ல் சக்தி குறைந்த லேசர்களால் வீழ்த்தியதாக இஸ்ரேல் 2025 மே மாதம் அறிவித்தது. 2025 டிசம்பரில் அயர்ன் பீமும் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தெளிந்த வானம், சில கிலோமீட்டர் தூரம், மெதுவாக வரும் ட்ரோன் என்றால் அது பயன்படவே செய்யும். சுமார் 50,000 டாலர் பெறும் இடைமறிப்பு ஏவுகணையை ஒரு சில்லறை ட்ரோனுக்காக வீணாக்குவதைவிட அது மேல்தான்.

நமக்குக் கவலை தருவது அந்த மலிவு விளம்பரமே. சுடுவதற்குச் செலவே இல்லை என்று நம்பும் அரசு பேச்சுவார்த்தைக்கு ஏன் அவசரப்படப் போகிறது? வானத்துக் கூரை உறுதி என்று எண்ணுபவன் அண்டை வீட்டாரோடு வழக்கைத் தீர்த்துக்கொள்ள ஏன் வரப் போகிறான்?

இந்த விளம்பரம் நம் ஊருக்கும் வந்துவிட்டது. 2025 ஏப்ரல் 13 அன்று ஆந்திராவின் கர்னூலில் டி.ஆர்.டி.ஓ. 30 கிலோவாட் லேசரைச் சோதித்தது. சில விநாடிகள் சுட ஓரிரு லிட்டர் பெட்ரோல் விலைதான் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. எல்லைக்கு ட்ரோன் தடுப்பு தேவை என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வரி கட்டுகிறவர்கள் நாம். அடுத்த முறை உங்கள் தொகுதி எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது பெட்ரோல் விலையை விட்டுவிடுங்கள். மெஷின் விலை என்ன, மழைக்காலத்தில் அது எத்தனை நாள் ஓடும் என்று கேளுங்கள்.