பனிக்கட்டிக்குப் பசை எங்கிருந்து வந்தது?

தீவகத்துச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். நோன்பு திறக்கும் நேரம். சர்பத்துக்கு ஐஸ் எடுக்கப் போன சின்னப் பிள்ளை, பிரீசரில் இருந்த அலுமினியத் தட்டை நக்கிப் பார்த்திருக்கிறது. நாக்கு ஒட்டிக்கொண்டது. பதறிய உம்மா தட்டைப் பிடித்து இழுக்க, தோல் உரிந்து இரத்தம் வந்துவிட்டது. "ஐஸில் பசை ஏதும் உண்டா?" என்று கேட்கிறார். சுருவில் கரையிலிருந்து வரும் மீனும் இப்படித்தான் ஐஸோடு ஒட்டிக் கிடக்கிறது, பிய்த்தால் தோல் போகிறது என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறார். இரண்டுக்கும் விடை ஒன்றே.

பசை வேறெதுவுமில்லை, தண்ணீர்தான்.

தண்ணீர் உறைய வேண்டுமானால் பூச்சியம் பாகைக்குக் குளிர்ந்தால் மட்டும் போதாது. அதற்கு மேலும், ஒரு கிராமுக்கு 80 கலோரி வெப்பத்தை வெளியே விட வேண்டும். பிரிட்ஜில் ஐஸ் பிடிக்க மணிக்கணக்கில் ஆவது இதனால்தான். உருகும்போது அதே வெப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவேதான் ரெஜிபோம் பெட்டியில் வைத்த ஐஸ், பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணச் சந்தைக்குப் போகும்வரை தாக்குப்பிடிக்கிறது.

பிரீசருக்குள் ஏறக்குறைய கழித்தல் 18 பாகை. அங்குள்ள உலோகம் வெப்பத்தை வெகு விரைவாக இழுத்துக்கொள்ளும். நாக்கின் மேலுள்ள ஈரமோ ஒரு மெல்லிய படலம். நொடிப்பொழுதில் உறைந்து, நாக்கின் நுண்ணிய மேடுபள்ளங்களிலும் தட்டின் கீறல்களிலும் ஒருசேரப் பிடித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் தட்டு வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால் இந்த வம்பு குறைவு. காய்ந்த விரலும் எளிதில் ஒட்டாது.

மீனுக்கும் இதே கதைதான். தொழிற்சாலையிலிருந்து வரும் ஐஸ் கட்டி பூச்சியத்தை விடக் குளிர்ந்திருக்கும். மீனின் மேலுள்ள ஈரத்தை அது உறைய வைத்துவிடுகிறது. ஐஸ் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதை மைக்கேல் ஃபாரடே 1850இலேயே விளக்க முயன்றார். ஐஸின் மேற்பரப்பில் எப்போதும் மெல்லிய நீர்ப்படலம் உண்டு, இரு துண்டுகள் சேரும்போது நடுவில் சிக்கும் அந்த நீர் உறைந்துவிடுகிறது என்றார். அப்படி ஒரு படலம் இருப்பதைப் பிற்கால ஆய்வுகளும் காட்டின.

தொழுகையின் தொடக்கத்தில் ஓதும் துஆக்களில் ஒன்றில் பனிக்கட்டியும் ஆலங்கட்டியும் வருகின்றன. வானத்துப் பனியைக் காணாத நம் தீவுகளில், பிள்ளைகளுக்கு அதன் பொருளை விளக்க பிரிட்ஜைத்தான் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது!

உம்மாமார் கவனிக்க வேண்டியது: நாக்கோ விரலோ ஒட்டினால் இழுக்கவே கூடாது. பிள்ளையின் தலையை அசையாமல் பிடித்து, வெதுவெதுப்பான தண்ணீரை ஒட்டிய இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். கொதிநீர் வேண்டாம். தானாகவே விட்டுவிடும். தோல் உரிந்திருந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் நிற்காவிட்டால் டொக்டரிடம் காட்டுங்கள். இன்னொன்று: ஐஸில் உப்பைக் கலந்து கையில் வைத்து விளையாடப் பிள்ளைகளை விடாதீர்கள். அந்தக் கலவை கழித்தல் 21 பாகை வரை குளிரக்கூடியது. தீ சுட்டதுபோல் தோலைப் புண்ணாக்கிவிடும்.

மீனையும் பிய்க்க வேண்டாம். பச்சைத் தண்ணீரில் சற்று நேரம் அமிழ்த்தி வையுங்கள், ஓராவின் தோல் கிழியாமல் கழன்று வரும்.