தீவுப் பாம்புக்குக் கிராக்கி! காலியாகும் கரீபியன் காடுகள்

ஆள் நடமாட்டமே இல்லாத தீவு. நேரம் நள்ளிரவைத் தாண்டிவிட்டது. கடற்கரை மணலில் ஒரு பேராசிரியர் அசந்து தூங்கிக் கொண்டிருந்தார். திடீரென்று அவர் மேலே ஏதோ ஊர்ந்தது. திடுக்கிட்டு விழித்தார்.

பாம்பு!

வேறு யாராக இருந்தாலும் அலறி அடித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். இவருக்கோ ஒரே சந்தோஷம்! அவர் தேடி வந்ததே அந்தப் பாம்பைத்தான்.

இது நடந்தது 2015 ஜூலையில். இடம், பஹாமாஸ் நாட்டைச் சேர்ந்த கன்செப்ஷன் தீவுப் பகுதி. பேராசிரியர் பெயர் கிரகாம் ரெனால்ட்ஸ். அமெரிக்காவில் வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்தின் ஆஷ்வில் கிளையைச் சேர்ந்தவர். அவர் குழு அந்தப் பயணத்தில் பிடித்தது மொத்தம் 6 பாம்புகள். பாம்பின் உடம்பு வெள்ளியைப் போலப் பளபளத்தது. முதல் பாம்பு இருந்ததும் வெள்ளிப் பனை என்ற மரத்தில். அதனால் 'வெள்ளி போவா' என்றே பெயர் வைத்தார்கள். 2016-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். அந்த வட்டாரத் தீவுகளில் புது போவா இனம் ஒன்று கிடைத்தது 73 ஆண்டுகளுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

ஆனால் பிறந்த வீட்டிலேயே இழவுச் செய்தி! மொத்தமே 1,000 பாம்புகூட இருக்காது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்ற பட்டியலில் உடனே இடம் பிடித்தது.

புலி குறைந்தால் ஊரே கவலைப்படும். பாம்பு குறைந்தால் யார் கவலைப்படப் போகிறார்கள்? ஒரு கூட்டம் இருக்கிறது. அபூர்வப் பாம்பை வாங்கி வீட்டில் வளர்க்கும் கூட்டம். பாம்பு குறையக் குறைய இவர்களுக்கு ஆசை கூடும். ஆசை கூடினால் விலையும் கூடும். விலை கூடினால் தீவில் மிச்சம் இருப்பதையும் பிடிக்க ஆள் கிளம்பும். இதுதான் இந்த விவகாரத்தின் முடிச்சு.

மலைப்பாம்பா?

போவா என்றதும் மலைப்பாம்பு என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டுக்கும் விஷம் கிடையாது. இரண்டும் இரையைச் சுற்றி இறுக்கித்தான் கொல்லும். ஆனால் மலைப்பாம்பு முட்டை இடும். கரீபியன் போவா குட்டி போடும். நம் ஊரில் 'இருதலைப் பாம்பு' என்று சொல்லி ஏமாற்றுப் பேர்வழிகள் லட்சக்கணக்கில் விலை பேசுகிறார்களே, மண்ணுளிப் பாம்பு, அது போவாவுக்கு உறவுதான்.

இறுக்கும்போது மூச்சு முட்டித்தான் இரை சாகிறது என்று நெடுங்காலம் நம்பி வந்தார்கள். அது தப்பு என்று 2015-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. போவா இறுக்கினால் ரத்த ஓட்டமே நின்றுவிடுகிறது. சில விநாடிகளில் கதை முடிந்தது!

தீவுக்குத் தீவு தனி இனம்

கரீபியன் கடல் வட்டாரத்தில் தீவுக்குத் தீவு போவா மாறும். கியூபாவில் இருப்பது வாட்டசாட்டமான ஜாதி. 10 அடிக்கு மேலும் வளரும். ஜமைக்காவில் இருப்பதை அங்குள்ள மக்கள் 'மஞ்சள் பாம்பு' என்கிறார்கள். போர்ட்டோ ரிக்கோவில் ஒரு இனம், பக்கத்து மோனா தீவில் வேறு இனம், வர்ஜின் தீவுகளில் இன்னொன்று. டொமினிக்கன் குடியரசில் கொடி போல மெலிந்த ஒரு குட்டி போவா இருப்பது 2021-ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அது முழுசாக வளர்ந்தாலும் 3 அடியைத் தாண்டாது.

ஒரு தீவில் இருப்பது இன்னொரு தீவில் இல்லை. அங்கே போனால் போனதுதான். பெரிய காட்டில் பத்துப் பாம்பைப் பிடித்தால் பக்கத்துக் காட்டில் இருந்து பத்து வந்து சேரும். சுற்றிலும் கடல் என்றால் எங்கிருந்து வரும்?

பிறப்பும் வேகம் கிடையாது. போர்ட்டோ ரிக்கோ போவா போன்றவற்றில் தாய்ப் பாம்பு பெரும்பாலும் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் குட்டி போடும். வயிற்றில் குட்டியோடு இருக்கும் ஒரு பாம்பைத் தூக்கினால் ஒரு குடும்பத்தையே தூக்கியது போலத்தான்.

பன்றித் தீவில் நடந்தது

இது சும்மா பயமுறுத்தல் அல்ல. ஏற்கனவே நடந்த கதை.

மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் நாட்டை ஒட்டிய கரீபியன் கடலில் காயோஸ் கொச்சினோஸ் என்று சின்னஞ்சிறு தீவுகள் இருக்கின்றன. 'பன்றித் தீவுகள்' என்று அர்த்தம். அங்கே வெளிறிய இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு போவா. பார்க்க அழகு; அளவும் கைக்கு அடக்கம். வளர்ப்பவர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

1970-களின் கடைசியிலும் 1980-களிலும் வியாபாரிகள் புகுந்தார்கள். ஆயிரக்கணக்கில் பிடித்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அத்தனையும் வளர்ப்புப் பிராணிக் கடைகளுக்கு! கடைசியில் தீவில் பாம்பைப் பார்ப்பதே அபூர்வம் ஆகிவிட்டது. அடியோடு அழிந்தது என்றே பலர் எழுதினார்கள்.

1993-ல் அந்தத் தீவுகளுக்குப் பாதுகாப்பு வந்தது. 2004 முதல் ஆராய்ச்சியாளர்கள் வருஷா வருஷம் போய்த் தேடினார்கள். பாம்பு மறுபடியும் கண்ணில் பட ஆரம்பித்தது. நல்ல வேளை! பிடிப்பது நின்றால் பாம்பு பிழைக்கும் என்பதற்கு அது சாட்சி.

போனது ஒன்று, வந்தது வேறு

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. தீவில் இருந்து அபூர்வப் பாம்பு வெளியே போகிறது. வெளியில் இருந்து சாதாரணப் பாம்பு தீவுக்குள் வருகிறது!

குட்டியாக இருக்கும்போது போவா அழகுதான். வளர்ந்த பிறகு? எலி வாங்கிப் போட வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் சூடு குறையாமல் பார்க்க வேண்டும். 20 ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். பள்ளிக்கூடத்துப் பையன் ஆசைப்பட்டு வாங்கியது, அவனுக்குக் கல்யாணம் ஆகும்போதும் வீட்டில் இருக்கும். அலுத்துப் போனவர் என்ன செய்வார்? இரவோடு இரவாகத் தோப்பில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். சிலது தானாகவே தப்பி ஓடும்.

அரூபா தீவுக்கு போவா சொந்தம் கிடையாது. 1999-ல் முதல் பாம்பு தென்பட்டது. இன்று தீவு முழுக்கப் பரவிக் கிடக்கிறது. பிடித்த பாம்புகளின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தார்கள். உள்ளே பறவை, பல்லி, எலி! இப்படித் தின்று தீர்த்தால் அந்தத் தீவுக்கே உரிய உயிர்கள் என்ன ஆவது?

மெக்சிகோவின் கோசுமெல் தீவில் நடந்தது சினிமாக் கதை. நிஜமாகவே சினிமாக் கதை! 1971-ல் படப்பிடிப்புக்குக் கொண்டு வந்த ஒருசில போவாக்களை, வேலை முடிந்ததும் அங்கேயே விட்டுவிட்டார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சில பாம்புகளின் வாரிசுகள் இன்று தீவு முழுக்க!

போர்ட்டோ ரிக்கோவின் கதை இன்னும் மோசம். அங்கே சொந்த போவா இருக்கிறது. அதை 1970-லேயே பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது அமெரிக்க அரசு. இப்போது தீவின் மேற்குப் பகுதியில் வெளிநாட்டு போவாவும் குடியேறிவிட்டது. கூண்டில் வளர்ந்த பாம்புகளின் வழி வந்தது என்று 2013-ல் மரபணுச் சோதனை சொன்னது. சொந்தக்காரனுக்குப் பக்கத்திலேயே வேண்டாத விருந்தாளி!

கல்கத்தாவில் இருந்து போன கீரி

பழி முழுவதையும் வளர்ப்பவர் தலையில் போட்டுவிட முடியாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1872-ல் ஜமைக்காவில் ஒரு கரும்புத் தோட்ட முதலாளி, எலித் தொல்லை தாங்காமல் இந்தியாவில் இருந்து கீரி வரவழைத்தார். கல்கத்தாவில் இருந்து கப்பலில் போனவை 9 கீரிகள். எலியைத் தின்றன. அதோடு நின்றனவா? பறவை, பல்லி, பாம்பு எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தன. பெருகி மற்ற தீவுகளுக்கும் போய்ச் சேர்ந்தன.

காடு அழிந்து தோட்டமும் ஓட்டலும் வந்தன. வீட்டுப் பூனைகள் காட்டுக்குள் போயின. வெள்ளி போவாவின் தீவில் மனிதன் இல்லை; ஆனால் பூனை இருக்கிறது! ஜமைக்காவில் மஞ்சள் பாம்பைக் கண்டால் அடித்துக் கொல்கிறவர்கள் இன்றும் உண்டு. விஷமே இல்லாத, எலியைத் தின்று உதவி செய்யும் பாம்பு அது!

இப்படி நாலா பக்கமும் அடி வாங்கி மிஞ்சியதைத்தான் வியாபாரி பிடிக்கிறார்.

வளர்ப்பவர் வாதம்

"நாங்கள் வளர்ப்பதால்தானே இனம் பிழைக்கிறது?" என்று வளர்ப்பவர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

இங்கிலாந்துக் கால்வாயில் ஜெர்சி தீவில், ஜெரால்ட் டரல் தொடங்கிய நிலையம் 1976 முதல் ஜமைக்கா போவாவை வளர்த்தது. குட்டிகள் பல நாட்டு மிருகக்காட்சி சாலைகளுக்குப் போயின. இன்னொரு வெற்றி போர்ட்டோ ரிக்கோவை ஒட்டிய காயோ ரத்தோனெஸ் என்ற குட்டித் தீவில். 1985-ல் அங்கே எலிகளை ஒழித்தார்கள். 1993 முதல், கூண்டில் பிறந்தவை உள்பட 41 வர்ஜின் தீவு போவாக்களைக் கொண்டு போய் விட்டார்கள். 2004-ல் எண்ணிக்கை சுமார் 500!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டும் அரசாங்கத்துக்குத் தெரிந்து நடந்த வேலை. எந்தப் பாம்பு எங்கிருந்து வந்தது, எதற்குத் தாய் எது, தகப்பன் எது என்று கணக்கு இருந்தது. வீட்டுக் கூண்டில் அந்தக் கணக்கு இருக்கிறதா? பன்றித் தீவு போவாவை வேறு போவாவோடு சேர்த்துக் கலப்பினக் குட்டி எடுத்தவர்கள் ஏராளம். அந்தக் குட்டியைத் தீவுக்குத் திருப்பி அனுப்பி என்ன பிரயோஜனம்?

நோய் வேறு. கூண்டு போவாக்களைக் கொல்லும் ஒரு நோய்க்கு வைரஸ்தான் காரணம் என்று 2012-ல் கண்டுபிடித்தார்கள். கழுத்து முறுக்கும், தின்றதை வாந்தி எடுக்கும், பிழைப்பது கஷ்டம். நல்லபடியாக இருப்பது போலத் தெரியும் பாம்பும் வைரஸைச் சுமக்கலாம். அப்படி ஒன்றைத் தீவில் விட்டால் மிச்சமும் போச்சு!

நேர்மையாக வளர்ப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். கூண்டில் பிறந்த கியூபா போவாவை ரசீதோடு வாங்கி ஒழுங்காக வளர்ப்பவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உண்டு. பிறந்த குட்டிக்குப் பல்லிதான் வேண்டும், எலிக்குஞ்சைத் தொடாது. அதைப் பழக்க அவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. ஆனால் காட்டில் பிடித்ததையும் "கூண்டில் பிறந்தது" என்று சீட்டு ஒட்டி விற்கிறவர்கள் அதே சந்தையில்தான் நிற்கிறார்கள். பாம்பின் முகத்தைப் பார்த்து எது எது என்று யார் சொல்வது?

விலாசம் சொன்னால் ஆபத்து

புது இனத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானிக்கும் இப்போது தர்மசங்கடம். இந்தோனேசியாவில் ரோட்டி தீவு ஆமைக்கு 1994-ல் தனி இனம் என்று பெயர் சூட்டினார்கள். அதுவே வினையாகப் போயிற்று. வியாபாரிகள் வேட்டையாடி, ஆமை காட்டில் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. அதனால்தான் புதுப் பிராணி இருக்கும் சரியான இடத்தை வெளியிடாமல் மறைக்கும் வழக்கம் வந்திருக்கிறது. ஊருக்குச் சொல்ல வேண்டிய நல்ல செய்தியைக்கூட ஒளித்து வைக்க வேண்டிய காலம்!

சட்டம் என்ன சொல்கிறது?

உலக நாடுகளின் 'சைட்டிஸ்' ஒப்பந்தப் பட்டியலில் எல்லா போவாவும் உண்டு. அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டு போகக் கூடாது. ஜமைக்கா, மோனா தீவு போவாக்கள் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கின்றன. காட்டில் பிடித்து வியாபாரம் செய்யவே கூடாது.

இந்தியாவும் சட்டத்தை இறுக்கிவிட்டது. 2022-ல் திருத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. இந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணியை வைத்திருப்பவர் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி போட்டார்கள். குட்டி போட்டாலும் சொல்ல வேண்டும். செத்தாலும் சொல்ல வேண்டும்.

சென்னைக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2022, 2023 ஆண்டுகளில் சென்னை விமான நிலையத்தில் பாங்காக் விமானப் பயணிகளின் பெட்டிகளில் இருந்து சுங்க அதிகாரிகள் வெளிநாட்டுப் பாம்புகளைத் திரும்பத் திரும்பப் பிடித்தார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்புகள். கரீபியன் போவா அல்ல. ஆனால் ஆசை ஒன்றுதான், வழியும் ஒன்றுதான். இன்று பந்துப் பாம்பு கேட்பவர், அது எல்லோரிடமும் வந்த பிறகு வேறு எவரிடமும் இல்லாததைக் கேட்பார். அப்போது கண் போவது இந்த மாதிரித் தீவுகளின் பக்கம்தான்.

பாம்பை வளர்ப்பதே பாவம் என்று யாரும் சொல்லவில்லை. "இது எங்கே பிறந்தது? சீட்டு எங்கே?" என்று வாங்குபவர் கேட்டால் போதும். பதில் சொல்ல விற்பவர் தயங்கினால் அங்கேயே திரும்பிவிட வேண்டும்.

வாங்க ஆள் இல்லை என்றால் பிடிக்கவும் ஆள் வராது. பன்றித் தீவுப் பாம்பு பிழைத்தது அப்படித்தான். வெள்ளி போவா பிழைக்குமா? 1,000 பாம்புகூட இல்லாத அந்தத் தீவுக்கு ஒரு பாம்பு போனாலும் நஷ்டம்தான்.